வண்டியின் பிறந்த நிறம்



நம் தோட்டத்து மக்களின் வாழ்க்கையில் மோட்டார் சைக்கிளுக்குத் தனியிடம் உண்டு. விடியற்காலையில் பெரட்டுக் களத்திற்கு ஆளைக் கொண்டு சேர்த்ததும், காய்ச்சல் கண்ட குழந்தையைப் பட்டணத்து மருத்துவமனைக்கு எடுத்துச் சென்றதும், சம்பள நாளில் அரிசி மூட்டையைச் சுமந்து வந்ததும் அதுதான். தோட்டங்கள் பல இன்று வீடமைப்பு நிலங்களாகிவிட்டன. லயன் வீடுகளை விட்டுப் புறப்பட்ட குடும்பங்கள் தட்டுமுட்டுச் சாமான்களை எல்லாம் கழித்துவிட்டாலும், தகப்பனார் ஓட்டிய பழைய வண்டியை மட்டும் கழிக்க மனமில்லாமல் வீட்டின் பின்புறத்தில் நிறுத்தி வைத்திருப்பதைப் பல இடங்களில் காணலாம். அப்படிப்பட்ட வண்டியை மீண்டும் பழைய கோலத்திற்குக் கொண்டுவர விரும்புவோர் இப்போது பெருகி வருகின்றனர். அவர்களுக்குப் பயன்படும் ஒரு செய்தியைத்தான் இன்று நாம் பேசப்போகிறோம். பழைய ஜப்பானிய மோட்டார் சைக்கிள் ஒன்று தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தபோது என்ன நிறத்தில் இருந்தது என்பதைக் கண்டறிவது எப்படி? அதே நிறத்தை மறுபடியும் பெறுவது எப்படி?

எல்லாருக்கும் தெரிந்த ஒரு வண்டியையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம். ஹோண்டா நிறுவனம் 1958ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஜப்பானில் 'சூப்பர் கப்' என்னும் வண்டியை வெளியிட்டது. அதன் முதல் மாடல் சி100 எனப்பட்டது. ஒரு கையில் மீ தட்டைப் பிடித்துக்கொண்டு மறு கையால் ஓட்டிச் செல்லும் கடைப் பையனுக்கும் ஏற்றதாக இருக்கவேண்டும் என்று எண்ணியே, கையால் கிளட்ச் பிடிக்கத் தேவையில்லாதபடி அதை அமைத்தனர். அதே 1958ஆம் ஆண்டில் பினாங்கைச் சேர்ந்த லோ பூன் சியூ ஹோண்டா வண்டிகளை மலாயாவுக்குக் கொண்டுவந்து விற்கத் தொடங்கினார். பின்னர் சி50, சி70, சி90 என்று பல மாடல்கள் வந்தன. நம் நாட்டில் 'கப்சாய்' என்ற செல்லப்பெயரும் நிலைத்துவிட்டது. 2017ஆம் ஆண்டில் இந்த வண்டி வகையின் மொத்த உற்பத்தி பத்துக் கோடியைத் தொட்டது.

இவ்வண்டியைப் பழுதுபார்க்கத் தொடங்கும் பலர், முதல் நாளே செய்யும் காரியம் ஒன்று உண்டு. உப்புத்தாளை எடுத்துப் பழைய சாயத்தை எல்லாம் சுரண்டித் தள்ளிவிடுவார்கள். பிறகுதான், "இது என்ன நிறம்?" என்ற கேள்வி பிறக்கும். அப்போது கேட்டுப் பயனில்லை. சாட்சியை அழித்துவிட்டு வழக்கு நடத்துவது போன்றதுதான் அது. ஆகவே, நிறத்தைப் பற்றிய ஆராய்ச்சியை முடித்த பிறகே சுரண்டும் வேலையைத் தொடங்க வேண்டும். இதை முதல் விதியாகக் கொள்வோம்.

அதற்கும் முன்னால் வேறொன்றையும் நம்மை நாமே கேட்டுக்கொள்ளல் நல்லது. புதிதாகச் சாயம் அடிக்கத்தான் வேண்டுமா? தொழிற்சாலையில் அடித்த சாயம் ஒரு வண்டிக்கு ஒரு முறைதான் கிடைக்கும். சவர்க்கார நீரால் கழுவி, மெருகேற்றும் கம்பவுண்டைத் துணியில் தொட்டு மெதுவாகத் தேய்த்துப் பார்த்தால், செத்துப்போனதாக நினைத்த சாயம் உயிர் பெற்று எழுவதுண்டு. அப்படி எழுந்தால் மெழுகு பூசி, அங்குமிங்கும் உள்ள காயத்தோடு அப்படியே வைத்துக்கொள்ளலாம். பணமும் மிச்சம், வண்டியின் மதிப்பும் குறையாது. துரு ஏறித் தகடு உரிந்துபோன வண்டிகளுக்கே முழுச் சாயம் தேவை.

நிறம் ஏன் மங்குகிறது என்பதை அறிந்துகொண்டால் பிறந்த நிறத்தைத் தேடுவது எளிதாகும். சாயத்தில் இரண்டு முக்கியப் பொருள்கள் உள்ளன. ஒன்று, நிறத்தைத் தரும் தூள். மற்றொன்று, அந்தத் தூளைத் தகட்டோடு பிடித்து வைக்கும் பசை போன்ற பொருள். வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர்கள் இரண்டையும் தாக்குகின்றன. பசை சிதைந்தால் மேற்பரப்பு சுண்ணாம்பு படிந்ததுபோல் வெளுக்கும். விரலால் தேய்த்தால் பொடி ஒட்டும். இது மேல்தோலின் நோய்தான். தேய்த்து மெருகேற்றினால் கீழேயுள்ள நல்ல நிறம் தெரியும். ஆனால் நிறத்தூளே கெட்டுவிட்டால் எவ்வளவு தேய்த்தாலும் அந்த இடத்தில் பழைய நிறம் திரும்பாது. சிவப்பு நிறங்கள் சில இப்படி வெளிறுவதை நாம் கண்டிருக்கிறோம். இன்னொரு மாற்றமும் உண்டு. மேலே பூசிய நிறமற்ற 'கிளியர்' பூச்சு நாளடைவில் மஞ்சளித்துப் போகும். அப்போது நீலம் சற்றுப் பச்சையாகவும், வெள்ளை தந்த நிறமாகவும் தோன்றும்.

அப்படியானால் உண்மையான நிறத்தை எங்கே தேடுவது? பல ஆண்டுகளாகச் சுவரில் தொங்கிய நாட்காட்டியைக் கழற்றினால், அதன் பின்னால் சுவர் அடித்த அன்றிருந்த நிறத்தோடு இருக்கும் அல்லவா? வண்டியிலும் அப்படிப்பட்ட இடங்கள் பல உண்டு. வெயில் படாத இடமே உண்மை சொல்லும் இடம். கப்சாய் வண்டியில் இருக்கையைத் தூக்கினால் அதன் அடியில் பெட்ரோல் தொட்டி இருக்கும். இருக்கை மூடியிருந்த அதன் மேற்பகுதி ஓர் இடம். ஆனால் மூடியைச் சுற்றிப் பெட்ரோல் சிந்திக் கறை படிந்திருக்கும். அதை விட்டுத் தள்ளிப் பார்க்க வேண்டும். பக்க மூடிகளின் உட்புறம், பெயர்ச் சின்னத்தைக் கழற்றினால் அதன் அடி, விளக்குக் கூட்டின் விளிம்பு உள்ளே மடியும் இடம், ரப்பர்த் துண்டுகளும் பட்டைகளும் மூடியிருந்த இடம் ஆகியவற்றையும் பார்க்கலாம். தொட்டி முன்னால் அமைந்த பெரிய வண்டிகளில், தொட்டியின் பின்முனையை இருக்கை மூடியிருக்கும். பழைய மாடல்கள் சிலவற்றில் முழங்கால் ரப்பரும் தொட்டியின் பக்கத்தை மூடியிருக்கும். அங்கே பார்க்க வேண்டும்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். நிறத்தைத் தேடும் வேலையில் அந்தப் பழமொழி செல்லாது. மூன்று நான்கு இடங்களையாவது பார்த்து, அவை ஒன்றுக்கொன்று ஒத்துப்போகின்றனவா என்று சோதிக்க வேண்டும். ஏனெனில் பக்க மூடி வேறு வண்டியிலிருந்து வந்து சேர்ந்ததாக இருக்கலாம். இடையில் யாரேனும் ஒருவர் வேறு சாயம் அடித்தும் இருக்கலாம்.

மறுசாயம் அடிக்கப்பட்டதா என்பதைக் கண்டுபிடிக்கவும் ஓர் எளிய வழி இருக்கிறது. மறைவான ஓரிடத்தில், ஒரு சிறு நாணயத்தின் அளவுக்கு, மிக நைசான உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து வட்டமாகத் தேய்க்க வேண்டும். நடுவில் அழுத்தியும் ஓரத்தில் இலேசாகவும் தேய்த்தால், வெட்டிய மரத்தின் வளையங்களைப்போல் ஒவ்வொரு பூச்சும் தனித்தனி வளையமாகத் தெரியும். நடுவில் தகடு, அதைச் சுற்றி அடிச்சாயம், அதற்கு வெளியே முதல் நிறம், அதற்கும் வெளியே பின்னால் அடித்த நிறங்கள் என்று வண்டியின் வரலாறே அந்தச் சிறு வட்டத்தில் விரியும். அடிச்சாயத்தை ஒட்டி நிற்கும் நிற வளையமே பெரும்பாலும் தொழிற்சாலை நிறம். மங்கிய இடத்தைத் தண்ணீரால் நனைத்துப் பார்ப்பதும் உதவும். ஈரம் இருக்கும் வரையில் வெளுப்பு மறைந்து நிறம் ஆழமாகத் தெரியும்.

அடுத்தது ஏட்டுச் சான்று. வண்டியின் சட்டகத்தில் அடிக்கப்பட்டுள்ள எண்ணைக் கொண்டு அது எந்த மாடல், எந்தக் காலத்தது என்று அறியலாம். தொழிற்சாலை வெளியிட்ட உதிரிபாகப் பட்டியலில், எந்த மாடலுக்கு எந்த நிறம் என்று பெயரும் குறியெண்ணும் தரப்பட்டிருக்கும். பிற்கால மாடல்கள் சிலவற்றில், இருக்கையின் கீழோ கருவிப்பெட்டியின் அருகிலோ நிறக்குறி அச்சிட்ட சீட்டு ஒட்டியிருக்கும். ஹோண்டாவின் குறியெண்களைப் படிக்கும் முறையும் கடினமன்று. 'ஆர்' என்ற எழுத்து சிவப்பு இனத்தையும், 'பி' நீல இனத்தையும், 'பிபி' ஊதாநீல இனத்தையும், 'என்எச்' என்பது கறுப்பு, வெள்ளை, சாம்பல் போன்றவற்றையும் குறிக்கும். கறுப்புக்கு 'என்எச்-1' என்பது குறி. எண்ணுக்குப் பின்னால் 'எம்' என்று வந்தால் அது உலோகத்தூள் கலந்த மெட்டாலிக் சாயம்.

இதில் எச்சரிக்கை ஒன்று தேவை. ஜப்பானில் விற்ற வண்டியின் நிறங்களும் பிற நாடுகளில் விற்ற வண்டியின் நிறங்களும் எப்போதும் ஒன்றாக இருந்ததில்லை. வேறு நாட்டுப் பட்டியலைப் பார்த்துவிட்டு, "நம் வண்டியும் இந்த நிறந்தான்" என்று முடிவு கட்டிவிடலாகாது. ஏடு சொல்வதும் தகடு சொல்வதும் மாறுபட்டால், தகட்டையே நம்ப வேண்டும்.

பழைய புகைப்படங்களைக் கொண்டு நிறம் பார்க்கலாமா என்று சிலர் கேட்பார்கள். முன்னாளில் கடையில் கழுவிய வண்ணப் படங்களும் சாயத்தால் ஆனவையே. அவையும் மங்கும். நீலம் கலந்த பகுதி முதலில் குறைந்துபோய், படம் முழுவதும் செம்மை ஏறிக் காண்பது பழைய படங்களில் இயல்பு. ஆகவே படத்தைப் பார்த்து நிறத்தைத் தீர்மானிக்க முடியாது. ஆனால் எந்தப் பாகம் வெள்ளை, எந்தப் பாகம் நிறம், கோடு எங்கே ஓடியது, சின்னம் எங்கே இருந்தது என்பவற்றைப் படம் தெளிவாகச் சொல்லும். நினைவும் புகைப்படத்தைப் போன்றதுதான். அண்ணன், "அப்பாவின் வண்டி நீலம்" என்பார். தம்பி, "இல்லை, பச்சை" என்பார். அண்ணன் பார்த்தது புது வண்டியை. தம்பி பார்த்தது மேற்பூச்சு மஞ்சளித்த வண்டியை. இருவர் சொல்வதும் உண்மையே. இதற்காகச் சண்டையிட வேண்டாம்; சின்னத்தைக் கழற்றிப் பார்த்தால் போதும்.

இனி, கண்டெடுத்த நிறத்தைச் சாயக் கடையில் கலந்து வாங்கும் விதத்தைப் பார்ப்போம். வெயில் படாத ஒரு பாகத்தைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோவது சிறந்த வழி. பல கடைகளில் நிறத்தை அளக்கும் கருவி இருக்கிறது. அது பாகத்தின் மீது ஒளியைப் பாய்ச்சி, திரும்பிவரும் ஒளியை அளந்து, எந்தச் சாயத்தை எவ்வளவு சேர்க்க வேண்டும் என்று கணக்குச் சொல்லும். கருவி பொய் சொல்லாது. ஆனால் மங்கிய இடத்தை வைத்தால் மங்கிய நிறத்தையே நாணயமாகச் சொல்லும். எனவே இடத்தைத் தேர்ந்தெடுப்பது நம் பொறுப்பு. அளக்கும் முன் அந்த இடத்தைக் கழுவி மெருகேற்றிக் கொள்ளவும் வேண்டும்.

கருவி சொன்ன பிறகும் கண்ணால் ஒப்பிட்டுப் பார்த்தல் அவசியம். துணிக்கடை விளக்கின் கீழ் அழகாகப் பொருந்திய சேலையும் ரவிக்கையும், வெளியே வந்ததும் வேறு வேறு நிறமாகத் தெரிவதைத் தாய்மார்கள் அறிவார்கள். சாயத்திலும் இதே தொல்லை உண்டு. இரண்டு சாயங்கள் வெவ்வேறு தூள்களால் ஆனவையாக இருந்தால், ஒரு விளக்கின் கீழ் ஒன்றாகவும் இன்னொரு விளக்கின் கீழ் வேறாகவும் தோன்றும். ஆகவே பகல் வெளிச்சத்தில், நேர்வெயில் படாத நிழலில் வைத்து ஒப்பிட வேண்டும். பிறகு வெயிலிலும் ஒரு முறை பார்க்க வேண்டும். டப்பாவிலுள்ள ஈரச் சாயத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது. காய்ந்தபின் நிறம் மாறும்.

இதற்காக ஒரு சிறு தகட்டில் மாதிரி அடித்துப் பார்ப்பது வழக்கம். வண்டிக்கு அடிக்கப்போகும் அதே அடிச்சாயம், அதே எண்ணிக்கையிலான பூச்சு, அதே கிளியர் என்று எல்லாம் ஒன்றாக இருக்க வேண்டும். சிவப்பு, மஞ்சள் போன்ற நிறங்கள் கீழேயுள்ளதை முழுதாக மறைப்பதில்லை. சாம்பல் அடிச்சாயத்தின் மீது ஒரு விதமாகவும், வெள்ளை அடிச்சாயத்தின் மீது வேறு விதமாகவும் தெரியும். நாணய அளவில் தேய்த்துப் பார்த்தோமே, அங்கே தெரிந்த அடிச்சாயத்தின் நிறத்தைக் குறித்து வைத்துக்கொண்டால் இப்போது பயன்படும். மாதிரித் தகடு நன்றாகக் காய்ந்த பிறகு, பழைய பாகத்தின் மீது ஒட்ட வைத்துப் பாருங்கள். இடையில் இடைவெளி இருந்தால் கண் ஏமாறும்.

மெட்டாலிக் சாயத்தில் நேராகப் பார்ப்பது மட்டும் போதாது. சாய்வாகவும் பார்க்க வேண்டும். அதிலுள்ள உலோகத்தூள் ஒளியை ஒரு பக்கமாகத் திருப்பும். ஈரமாக, கனமாக அடித்தால் தூள் கீழே அமிழ்ந்து நிறம் கருக்கும். மெல்லியதாக, உலர்வாக அடித்தால் வெளுக்கும். ஒரே டப்பாச் சாயம் இரண்டு பேர் கையில் இரண்டு நிறமாவதற்கு இதுவே காரணம்.

இவற்றையெல்லாம்விடக் கடினமானது 'கேண்டி' எனப்படும் மிட்டாய் நிறம். 1969ஆம் ஆண்டில் வந்த ஹோண்டா சிபி750 என்னும் புகழ்பெற்ற பெரிய வண்டியின் சிவப்பும், நீலப்பச்சையும், பொன்னிறமும் இவ்வகையே. வெள்ளித் தாளின் மீது வண்ணக் கண்ணாடித்தாளைச் சுற்றிய மிட்டாயை நினைத்துக்கொள்ளுங்கள். அதேபோல் முதலில் பளபளக்கும் உலோக நிறம். அதன்மேல் ஊடுருவித் தெரியும் வண்ணப் பூச்சு. அதற்கும் மேல் கிளியர். நடுப்பூச்சு எவ்வளவு கனமோ அவ்வளவு ஆழம் நிறத்தில் தெரியும். மெல்லிய கண்ணாடிக் குவளையிலுள்ள தேநீரும், பெரிய குவளையிலுள்ள அதே தேநீரும் ஒரே நிறமாகத் தெரிவதில்லையே! ஆகவே ஒரு பூச்சு, இரண்டு பூச்சு, மூன்று பூச்சு, நான்கு பூச்சு என்று நான்கு மாதிரித் தகடுகள் அடித்து, பழைய பாகத்தோடு ஒத்துப்போகும் தகட்டைக் கண்டுபிடிப்பார்கள். எத்தனை பூச்சு என்பதை எல்லாப் பாகங்களுக்கும் ஒன்றுபோல் வைத்துக்கொள்வார்கள்.

கப்சாய் வைத்திருப்போருக்கு இன்னொரு செய்தி. கால்களுக்கு முன்னால் இருக்கும் வெள்ளைக் காப்பு சாயம் அடித்த தகடன்று. சி100 மாடலிலேயே அக்காப்பையும் முன்சக்கர மட்காட்டையும் பாலிஎதிலீன் என்னும் பிளாஸ்டிக்கால் செய்தார்கள். நிறம் பிளாஸ்டிக்கிலேயே கலந்திருக்கிறது. நம் வீட்டு வாளிகள் சிலவும் இதே பொருளால் ஆனவை. இதன்மீது சாதாரணச் சாயம் ஒட்டாது. அடித்த சில மாதங்களில் தோல் உரிவதுபோல் உரியும். ஆகவே சவர்க்காரம் போட்டுக் கழுவி, மஞ்சளித்த மேற்பரப்பை மிக நைசான உப்புத்தாளால் நனைத்துத் தேய்த்து மெருகேற்றுவதே நல்லது. வெடித்துப் போயிருந்தால் புதியது வாங்கலாம். அப்போது அதன் உட்புறத்தையோ மறைவான மூலையையோ பழையதோடு ஒப்பிட்டு வாங்க வேண்டும். பழைய வண்டிகளின் வெள்ளை பளீரென்ற வெள்ளையாக இருக்கவேண்டும் என்பதில்லை.

இனிச் சொல்லப்போவது நிறத்தைவிட முக்கியமானது; குடும்பத்தார் அனைவரும் கேட்கவேண்டியது. முற்காலத்து மஞ்சள், ஆரஞ்சு, சிவப்புச் சாயங்களிலும் அடிச்சாயங்களிலும் ஈயம் கலந்த பொருள்கள் பயன்படுத்தப்பட்டதுண்டு. பழைய சாயத்தை உலர்வாகத் தேய்த்தால் அந்தத் தூசி காற்றில் பறந்து, துணியிலும் தரையிலும் சோற்றிலும் படியும். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கக்கூடியது, கர்ப்பிணிகளுக்கும் ஆகாது. எனவே எப்போதும் நனைத்தே தேய்க்க வேண்டும். சமையற்கட்டின் பக்கத்திலோ பிள்ளைகள் விளையாடும் முற்றத்திலோ இந்த வேலை கூடாது. கீழே பழைய செய்தித்தாளை விரித்து, சேற்றை அள்ளிப் பையில் கட்டுங்கள்; கால்வாயில் கழுவி விடாதீர்கள். வேலை முடிந்ததும் கை கழுவி, உடுத்திய துணியைத் தனியாகத் துவைக்க வேண்டும்.

இன்றைய சாயங்களிலும் ஓர் ஆபத்து இருக்கிறது. பெட்ரோல் பட்டாலும் கெடாத கிளியர் வகைகளில், கெட்டியாக்கும் திரவம் ஒன்றைக் கலப்பார்கள். அதிலுள்ள ஐசோசயனேட் என்னும் பொருள் மூச்சில் போனால் ஆஸ்துமா நோயை உண்டாக்கக்கூடும். மூக்கில் துண்டைக் கட்டிக்கொள்வதோ சாதாரணத் தூசி முகமூடியோ இதற்குப் போதாது. தக்க மூச்சுக் கருவியும் காற்று வெளியேற்றும் வசதியும் உள்ள பட்டறையில் இந்த ஒரு வேலையைக் கொடுத்துவிடுவதே அறிவுடைமை. தேய்ப்பது, மெருகேற்றுவது, நிறம் தேடுவது ஆகியவற்றை நாம் செய்யலாம். பெட்ரோல் தொட்டியின் அருகில் நெருப்பு, வெல்டிங், சிகரெட் எதுவும் கூடாது. காலித் தொட்டியில் நிற்கும் ஆவியும் வெடிக்கும்.

சட்டகத்திலும் என்ஜினிலும் அடிக்கப்பட்ட எண்களைத் தேய்த்து அழித்துவிடாமலும், சாயத்தால் மூடிவிடாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். எண் தெரியாத வண்டிக்குப் பரிசோதனையில் தொல்லை வரும். இப்போதுள்ள நிறத்தை மாற்றப்போகிறோம் என்றால், சாலைப் போக்குவரத்து இலாகாவில் முன்னதாகக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

இவ்வளவு பாடுபட்டுக் கண்டுபிடிக்கும் நிறம் சில வேளைகளில் நாம் எதிர்பார்த்ததாக இராது. தகப்பனார் வாங்கும்போதே அது இரண்டாம் கை வண்டியாக இருந்திருக்கலாம். அவர் தம் கையால், தூரிகை கொண்டு, தோட்டத்து ஸ்டோரில் கிடைத்த பச்சைச் சாயத்தைப் பூசியிருக்கலாம். தொழிற்சாலை நிறம் ஒன்று. குடும்பம் அறிந்த நிறம் வேறொன்று. எது உண்மையான நிறம்? கண்காட்சியில் வைக்கும் வண்டிக்குத் தொழிற்சாலை நிறம் வேண்டும். வீட்டின் நினைவாக நிற்கும் வண்டிக்கு அப்பா அடித்த பச்சையே பொருத்தம் என்று ஒரு குடும்பம் முடிவு செய்தால், அதில் தவறு ஏதும் இல்லை. இன்னதுதான் அடிக்கிறோம் என்று தெரிந்து அடிக்க வேண்டும். தெரியாமல் அழித்துவிடக்கூடாது என்பதே நாம் சொல்ல வந்தது.

எந்த நிறத்தை அடித்தாலும் மூன்று காரியங்களை மறவாதீர்கள். முதலாவது, மறைவான ஓரிடத்தில் பழைய சாயத்தை உள்ளங்கை அளவாவது தொடாமல் விட்டுவையுங்கள். இரண்டாவது, கலவைக் கணக்கு, அடிச்சாயத்தின் நிறம், எத்தனை பூச்சு, அடித்த தேதி ஆகியவற்றை ஒரு தாளில் எழுதுங்கள். மூன்றாவது, ஒத்துப்போன மாதிரித் தகட்டை அந்தத் தாளோடு சேர்த்து, வெளிச்சம் படாத உறையிலிட்டுப் பத்திரப்படுத்துங்கள். நாளை வண்டியில் கீறல் விழுந்தால் அந்தத் தகடு உதவும். நம் பேரப்பிள்ளைகள் ஒரு நாள், "இந்த வண்டி பிறந்தபோது என்ன நிறம்?" என்று கேட்டால், அந்த உள்ளங்கை அளவு பழைய சாயமே அவர்களுக்குப் பதில் சொல்லும்.